நைனா முள் போட்ட கிணறு

மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களே, இது உங்களுக்கு. ஆடி பிறந்து, மஞ்சள் துணி கட்டியவர்கள் திருத்தணி மலையைப் பார்த்து எங்கள் ரோட்டில் நடக்க ஆரம்பித்துவிட்டால் எனக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளாது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீரை நிரப்பி வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிடுவேன். "எல்லார் கையிலயும் பாட்டில் கீது அத்தே, நீ ஏன் தொண்டை கிழியக் கத்தற?" என்பாள் மருமகள். நான் பதில் சொல்வதில்லை. சொல்லத் தொடங்கினால் சால், வடம் என்று எல்லாவற்றையும் விளக்க வேண்டி வரும். அதற்குள் அவளுக்கு அடுப்பில் பால் பொங்கிவிடும். உங்களுக்குப் பாதி விளக்கினால் போதும்.

எனக்கு அப்போது பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. கே.ஜி.கண்டிகையிலிருந்து நடக்கிற தூரத்தில், மலைக்குப் போகிற ரோட்டை ஒட்டி எங்கள் கொல்லை. ஒன்றரைக் காணி நிலம், அதன் தலைமாட்டில் ஒரு கிணறு, கிணற்றுக்குப் பக்கத்தில் மாட்டுக்கொட்டாய், அதையொட்டி வீடு. நைனா, அம்மா, நான், இடுப்பிலிருந்து இறங்காத தம்பி. நைனா என்றால் அப்பா. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அந்த வருஷம் ஐப்பசி மழை வந்த மாதிரி வந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. நெல் கதிர் வைக்கும் முன்பே காய்ந்துவிட்டது. கோடையில் முக்கால் காணியில் கேழ்வரகு நட்டார்கள். கிணற்றில் ஊறுகிற தண்ணீருக்கு அவ்வளவுதான் தாங்கும். அந்தக் கேழ்வரகுதான் எங்கள் நாலு பேருக்கும் வருஷத்துக்கான களியும் கூழும். வேறு ஒன்றும் கிடையாது.

தண்ணீர் இறைப்பது இரண்டு மாடு பூட்டி. தடித்த வடக்கயிற்றின் ஒரு முனையில் இரும்புச் சால், மறுமுனையில் நுகத்தடி. கிணற்றுமேட்டிலிருந்து மாடுகள் சரிவில் இறங்கினால் சால் நிரம்பி மேலே வரும். சாலுக்கு அடியில் தோலில் தைத்த நீளமான வால் ஒன்று உண்டு. அதன் வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டி, வாய்க்காலில் ஓடும். பிறகு மாடுகள் பின்னாலேயே அடி வைத்து மேட்டுக்கு ஏறவேண்டும். இறங்கும்போது நைனா வடத்தின்மேல் உட்காருவார், பாரத்துக்கு. அவர் மடியில் நான். ஊறிய தோலின் வாசனையும் மாட்டுச் சாண வாசனையும் கலந்து வரும். இன்றைக்கு நினைத்தாலும் அந்த வாசனை எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தக் காலம் திரும்ப வரவேண்டும் என்று ஏங்குகிற ஆள் நான் இல்லை. இப்போது சுவிட்சைத் தட்டினால் தண்ணீர் வருகிறது. கண்டுபிடித்தவனுக்கு ஒரு கும்பிடு.

எங்கள் மாடுகளுக்குப் பேர் கிடையாது. வலப்பக்கம் பூட்டுவது வலத்து மாடு, இடப்பக்கம் பூட்டுவது இடத்து மாடு. ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் வலத்து மாடு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போய், பக்கத்துக் கொல்லையில் மழையில்லாமல் முழ உயரத்தில் வாடி நின்ற சோளத்தை மேய்ந்துவிட்டது. வாடிய சோளப்பயிரில் விஷம் ஏறும் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மாட்டுக்குத் தெரியவில்லை. நைனா வெல்லத்தைக் கரைத்து மூங்கில் குழாயில் ஊற்றிப் பார்த்தார். திருத்தணியிலிருந்து மாட்டு டாக்டரைக் கூட்டிவர ஆள் சைக்கிளில் போனது. டாக்டர் வருவதற்குள் அது காலை நீட்டிவிட்டது.

"முளக்குச்சிய ஒழுங்கா அடிக்கத் தெரியல உனக்கு" என்று நைனா அம்மாவைப் பார்த்துக் கத்தினார். அன்று காலையில் அந்தக் குச்சியை அடித்தது நைனாதான். நான் பக்கத்தில் நின்று கல்லை எடுத்துக் கொடுத்தேன். அம்மாவும் பார்த்தாள். அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எனக்குப் பல வருஷம் கோபம். கல்யாணமாகி, என் வீட்டிலும் ஒரு நாள் அப்படி நடந்தபோதுதான் புரிந்தது. அந்த நேரத்தில் அந்த மனுஷனிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் அங்கேயே உடைந்து உட்கார்ந்திருப்பார்.

ஒற்றை மாட்டால் சால் இறைக்க முடியாது. அடுத்த நாள் நைனா முயற்சி செய்து பார்த்தார். இடத்து மாட்டை அதன் பக்கத்தில் பூட்டி, நுகத்தடியின் மறுபக்கத்தில் தன் தோளைக் கொடுத்தார். மாடு நகரவே இல்லை. தலையைத் திருப்பித் திருப்பி வலப்பக்கம் முகர்ந்து பார்த்தது. பழக்கப்பட்ட உடம்பு அங்கே இல்லை, வேர்வையில் நனைந்த ஒரு மனுஷன்தான் இருக்கிறான் என்று தெரிந்ததும் அப்படியே நின்றுவிட்டது. நைனா அதை அடிக்கவில்லை. நுகத்தடியை இறக்கி வைத்துவிட்டு அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்தார்.

இரவல் மாடு கேட்டிருக்கலாமே என்பீர்கள். அந்த வருஷம் மோட்டார் வைத்திருந்த இரண்டு மூன்று பேரைத் தவிர எல்லோரும் விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை அவரவர் கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்தார்கள். மாடுகள் விலா எலும்பு தெரிய நின்றன. அந்த நேரத்தில் மாடு கேட்பது அவர்கள் பயிரைக் கேட்பதுபோல. நைனா கேட்கவில்லை.

அதனால் குடம். நைனா, அம்மா, நான் மூன்று பேரும் கிணற்றுப் படியில் இறங்கி மொண்டுவந்து வரிசை வரிசையாக ஊற்றினோம். ஒரு மூலையை நனைத்து முடிப்பதற்குள் மறுமூலை சுருண்டுவிடும். தம்பியை மாட்டுக்கொட்டாயில் தூளி கட்டிப் போட்டிருப்போம். கோழிகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போயின. காலையில் கூழ், சாயங்காலம் வரப்பில் கிடைக்கிற கீரையைக் கடைந்து அதே கூழ். கூழ் நாளுக்கு நாள் தண்ணீராகிக்கொண்டே போனது. அம்மா கடைசியாகச் சாப்பிடுவாள். சட்டியைக் கழுவிக் குடிப்பதற்கு அவள் "எனக்கு இதுதான் புடிக்கும்" என்று பேர் வைத்திருந்தாள். நானும் நம்பினேன். பள்ளிக்கூடத்துக்குப் பாதி நாள்தான் போக முடிந்தது. என் உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு வாத்தியார் என்னை எழுதச் சொல்லாமல் வாசிக்க மட்டும் சொல்வார். அந்த மனுஷர் நன்றாக இருக்கட்டும்.

அந்த வாரம்தான் அரக்கோணத்து அத்தை வந்தாள். நைனாவுக்கு அக்கா. மாமாவுக்கு ரயில்வேயில் வேலை. மாடு செத்ததற்கு மனிதச் சாவுக்கு வருவதுபோலவே துக்கம் கேட்க வந்தாள். நைலக்ஸ் புடவை, முகத்தில் பவுடர். சுருங்கி நின்ற கேழ்வரகைப் பார்த்தாள், அம்மாவின் கழுத்தெலும்பைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"டேய் தம்பி, எங்க குவார்ட்டர்ஸாண்ட ஒரு ஆபீசர் ஊடு. கைக்குழந்தையப் பாத்துக்க ஒரு பொண்ணு வேணும்னு கேக்கறாங்க. மூணு வேளை சோறு போடுவாங்க. தீபாவளிக்குத் துணி எடுத்துக் குடுப்பாங்க. இத இட்டுகினு போறேன். ஒரு வயிறாவது ரொம்பும்."

"பள்ளிக்கூடம்?" என்றாள் அம்மா.

"உயிரு இருந்தாத்தானே பள்ளிக்கூடம்."

நைனா சுருண்ட தாள் ஒன்றை விரலால் நீவினார். "பயிரு நின்னா அவ இங்கியே இருப்பா அக்கா. நிக்கலன்னா நீ சொல்றதுதான்."

"ஆங், சரி. ஆடிக் கிருத்திகை, தெப்பம் எல்லாம் முடியட்டும். அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழம வரேன்" என்று சொல்லிவிட்டு அத்தை ரயிலுக்குக் கிளம்பினாள்.

அவள்மேல் எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது. அரக்கோணத்தில் ரயில் தடம் புரண்டு யாரும் எங்கேயும் போகமுடியாமல் ஆகவேண்டும் என்று மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். எங்கள் கொல்லையிலிருந்து மலை நன்றாகத் தெரியும்.

ஆடி பிறந்ததும் மலைக்குப் போகிறவர்கள் ரோட்டில் வரத் தொடங்கினார்கள். ஆந்திரா பக்கத்திலிருந்து ஊர் ஊராக நடந்து வருவார்கள். தோளில் பூச்சுற்றிய காவடி, கூடவே பம்பை மேளம். வழியில் கிணறு கண்டால் இறங்கிக் குளித்து, காவடிக்குத் தண்ணீர் தெளித்து, கற்பூரம் காட்டிவிட்டு மறுபடி நடப்பார்கள். காவடி தூக்கி வருகிறவர்களுக்குத் தண்ணீர் இல்லை என்று எங்கள் பக்கத்தில் ஒருவரும் சொன்னது கிடையாது. எங்கள் கிணற்றில் வருஷா வருஷம் குளிப்பார்கள். படியில் இறங்கி மொண்டுவந்து ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்று ஊற்றிக்கொள்வார்கள். அங்கே மண் குடித்துவிடும். அம்மா மோர் கரைத்துக் கொடுப்பாள்.

அந்த வருஷம் நைனா அரிவாளை எடுத்துக்கொண்டு போய் வேலிக்காத்தான் முள்ளை வெட்டிவந்து கிணற்றுப் படியில் போட்டு அடைத்தார். நாங்கள் இறங்க ஓரமாக ஒரு ஆள் நுழைகிற சந்து மட்டும். வடத்தைக் கழற்றிக் கொட்டாயில் சுருட்டி வைத்தார்.

அம்மா அவர் முன்னால் போய் நின்றாள். "இன்னாங்க இது? விரதக்காரங்க வருவாங்க. தண்ணி இல்லன்னு சொல்லப்போறீங்களா?"

"நாப்பது பேரு குளிச்சா ஒரு நாள் ஊத்து போயிடும்மே."

"சாமி குத்தம் ஆயிடுங்க."

"எம் பொண்ணு போயிடும்மே" என்றார் நைனா.

அம்மா வழியை விட்டு விலகினாள்.

முதல் இரண்டு நாள் வந்தவர்கள் முள்ளைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் நடந்துபோனார்கள். ஊரில் பேச்சாகிவிட்டது. "தண்ணிக்கு முள்ளு போட்டவன்" என்று நைனாவுக்குப் பேர் வைத்தார்கள். வகுப்பில் என்னை அப்படிச் சொல்லி ஒருத்தி சிரித்தாள். எனக்கு நைனாமேல் வெட்கமாக இருந்தது. அவர் அந்த முள்ளை யாருக்காகப் போட்டார் என்று என் காதாலேயே கேட்டிருந்தும் வெட்கப்பட்டேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் காலையில் பெரிய கூட்டம் ஒன்று வந்தது. ஆணும் பெண்ணுமாக நாற்பது பேர் இருக்கும். முன்னால் பம்பைக்காரர். உயரமான ஆள், பாதி நரைத்த முடி தோள்வரை தொங்கும், வாய் நிறையப் பல். கிணற்றாண்டை வந்து நின்றார். முள்ளைப் பார்த்தார். குடத்தோடு நின்ற நைனாவைப் பார்த்தார்.

"நீள்ளு லேதா அண்ணா? தண்ணி இல்லியா?"

"இல்லீங்க. வத்திப்போச்சு" என்றார் நைனா. அவர் கையிலிருந்த குடத்தில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

பம்பைக்காரர் குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கிணற்றுக்குள் போட்டார். 'டுபுக்' என்று சத்தம் கேட்டது. நைனாவின் முகம் போன போக்கை நான் எப்படிச் சொல்வேன்! பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் பொய் சொன்னால் அப்படித்தான் மாட்டிக்கொள்ள வேண்டும்.

அம்மா வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். யாரையும் பார்க்காமல் நேரே படிக்குப் போய் முள்ளைக் கையாலேயே இழுத்துப் போட ஆரம்பித்தாள். கையில் ரத்தம் வந்தது. பாதி முள்ளை அகற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

"தண்ணி கீதுங்க. இறைக்க மாடுதான் இல்ல. ஒண்ணு செத்துப்போச்சு. இந்தக் கேவுரு காஞ்சிட்டா பொண்ண வேலைக்கு அனுப்பணும். அந்தப் பயத்துல சொல்லிட்டாரு. மனசுல வெச்சுக்காதீங்க. எறங்கிக் குளிச்சிட்டுப் போங்க."

பம்பைக்காரர் என்னைப் பார்த்தார். நான்தான் அந்தப் பெண் என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பிறகு சரிவையும் தொட்டியையும் வாய்க்காலையும் பார்த்தார். வாய்க்கால் எங்கே போகிறது என்று பார்த்தார்.

"ஏம்மா செல்லி, மாடு இல்லேன்னா இன்னா? நாங்க இத்தினி பேர் கீறோமே. வடம் எங்க?"

செல்லி என்றால் தெலுங்கில் தங்கச்சி. நைனா பதறிப்போனார். "வேணாங்க, வேணாங்க. விரதம் இருக்கறவங்க நீங்க. உங்கள மாடு மாதிரி இழுக்கவெச்சா எனக்குப் பாவம் வந்து சேரும்."

"தேர் இழுக்கறது பாவமா பாவா? மலையில சாமிக்கு இழுக்கப்போறோம். இங்க ஒரு தரம் இழுத்துப் பழகிக்கறோம்." அம்மா தங்கச்சி ஆகிவிட்டதால் நைனா அவருக்கு பாவா, அதாவது மச்சான். எல்லோரும் சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை. ஓடிப்போய் வடத்தை எடுத்துவந்தார்.

காவடியைத் தரையில் வைக்கக்கூடாது. மாட்டுக்கொட்டாயின் விட்டத்தில் வரிசையாக மாட்டி வைத்தார்கள். கொட்டாய் முழுக்கப் பூ வாசனை. இடத்து மாடு அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றது. இருபது இருபது பேராக வடத்தைப் பிடித்தார்கள். பம்பை அடி எழுந்ததும் "அரோம் அரா!" என்று நம் அரோகராவை அவர்கள் பாணியில் கத்திக்கொண்டு சரிவில் ஓடினார்கள். சால் துள்ளிக்கொண்டு மேலே வந்து தொட்டியில் கொட்டியது. மாடு இழுத்து அவ்வளவு வேகத்தில் சால் வந்து நான் பார்த்ததில்லை. முதல் சாலில் பாதித் தண்ணீர் நைனா தலையிலேயே கொட்டிவிட்டது. மற்றவர்கள் தொட்டியாண்டை நின்று குளித்தார்கள். மஞ்சளும் விபூதியும் கரைந்து, குளித்த தண்ணீர் வாய்க்காலில் இறங்கி நேரே கேழ்வரகுக்குப் போனது.

நைனா மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீர் போவதையே பார்த்தார். புளியமரத்தடியில் ஊற்றினால்தான் தண்ணீர் வீண். தொட்டியில் குளித்தால் ஒரு சொட்டும் எங்கேயும் போகாது. குளிக்கிறவர்கள் குளிக்க, பயிர் குடிக்கும். இவ்வளவு எளிய விஷயம் அவருக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் விரதக்காரர்கள் கையால் வடம் பிடிக்கச் சொல்வதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. தண்ணீர் இல்லை என்று பொய் சொல்ல முடிந்தவருக்கு, உதவி செய்யுங்கள் என்று கேட்க முடியவில்லை. நம் பெற்றோர்களில் பாதிப்பேர் அப்படித்தான் இருந்தார்கள், இல்லையா? தண்ணீர் கடைமடைக்குப் போனதும்தான் சுயநினைவு வந்தவராக ஓடிப்போய் மடையைத் திருப்பினார்.

அன்றைக்குப் பாதிக் கேழ்வரகு நனைந்தது. கொடுக்க மோர் இல்லை. அம்மா பானைத் தண்ணீரில் எலுமிச்சை இலையைக் கசக்கிப் போட்டுக் கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு, "அமிர்தம் செல்லி" என்று சொல்லிவிட்டு அவர்கள் நடந்தார்கள்.

மறுநாளிலிருந்து அம்மா என்னைச் சொம்போடு ரோட்டில் நிற்கவைத்தாள். "வாங்க, கெணறு கீது, குளிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிடவேண்டும். நான் கூச்சத்தில் முனகினேன். நைனா வந்து என் பக்கத்தில் நின்றார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "அரோகரா! வாங்க சாமி, வாங்க! நல்ல தண்ணி!" என்று அவர் போட்ட சத்தத்தில் வேலியிலிருந்த ஓணான் ஓடியது. முள் போட்டவர் அவர்தான் என்று தெரிந்த ஊர்க்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவே இல்லை. வந்த கூட்டங்களில் ஒன்றிரண்டைத் தவிர எல்லோரும் வடம் பிடித்தார்கள். காலில் கொப்புளத்தோடு வந்தவர்கள், கைக்குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தவர்கள், அலகு குத்தியிருந்ததால் பேசமுடியாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்து பிடித்த ஒருவர். ஏழெட்டு நாளில் கேழ்வரகு கரும்பச்சையாகித் தலை நிமிர்ந்தது. விரல் விரலாகக் கதிர் வந்தது.

கிருத்திகையோடு ரோடு வெறிச்சோடிவிட்டது. அந்த நாள் மலையில் லட்சோப லட்சம் பேர் என்றார்கள். நாங்கள் போகவில்லை, போட்டுக்கொண்டு போக நல்ல துணி இல்லை. பிறகு மூன்று நாள் தெப்பம். வெயில் விடவில்லை. கதிரில் பால் பிடிக்கிற நேரம். அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் நிற்கும், உள்ளே வெறும் தொலிதான் இருக்கும். மறுபடி குடத்தைத் தூக்கினோம். தாள்கள் சுருள ஆரம்பித்தன. "ஒரே ஒரு தண்ணி போதும், கரையேறிடும்" என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு தண்ணிக்கு வழி தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை முதல் வண்டிக்கே அத்தை வந்துவிட்டாள். அம்மா என் இரண்டு பாவாடையையும் மேல்சட்டையையும் மடித்து ஒரு மஞ்சள் பையில் வைத்தாள். எனக்குத் தலை பின்னிவிட்டாள். பின்னியதை அவிழ்த்து மறுபடியும் பின்னினாள். நைனா வீட்டுப் பக்கமே வரவில்லை. குடத்தோடு படியில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தார். நான் சொல்லிக்கொள்ளப் போனேன். என்னைப் பார்த்துவிட்டு மறுபடி கிணற்றுக்குள் இறங்கிவிட்டார். உள்ளே இருந்து அவர் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

அப்போது ரோட்டில் பஸ் வந்து நின்றது. எங்கள் கொல்லையாண்டை பஸ் நிற்கிற இடம் கிடையாது. மலைக்குப் போகும்போதுதான் நடை, திரும்பும்போது பஸ்தான் எல்லோருக்கும் வழக்கம். அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு மொட்டைத் தலைகள் இறங்கின. தலையெல்லாம் சந்தனம். பெண்களும் மொட்டை. யாரென்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. குடத்தோடு மேலே வந்த நைனாவுக்கும் தெரியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டு, "வாங்க சாமி" என்றார்.

"இன்னா பாவா, முள்ளு எங்க?" என்று அந்த உயரமான மொட்டை கேட்டதும்தான் பல்லை வைத்துக் கண்டுபிடித்தோம். பஸ் அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

அம்மா ஓடிவந்தாள். "குளிக்கணுமா அண்ணா?"

"குளிக்கறதா? தெப்பம் வரைக்கும் மலையிலயே இருந்து, கொளத்துலயே முழுகிட்டு வரோம் செல்லி. வண்டியில ஜன்னலாண்ட உக்காந்திருந்தேன். பயிரு சுருண்டு நிக்குது. ஓரமா நிறுத்துய்யான்னு கத்துனேன். மீதிப் பேரு ஊட்டுக்குப் போகட்டும். நீ வடத்த எடு பாவா."

நைனா குடத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டுக் கொட்டாய்க்கு ஓடினார். அன்றைக்கு அவர்களுக்கு எங்கள் தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. விரதம் முடிந்துவிட்டது, வேண்டுதல் முடிந்துவிட்டது, வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கும். அவர்கள் ஊர் எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாரும் கேட்கவில்லை. அறுபது வருஷத்துக்குப் பக்கமாக அந்தப் பத்துப் பன்னிரண்டு மொட்டைத் தலைகளுக்கு நான் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னும் தீரவில்லை.

பம்பை இல்லை, அது பஸ்ஸிலேயே ஊருக்குப் போய்விட்டது. வாயாலேயே தாளம் போட்டுக்கொண்டு பிடித்தார்கள். ஆள் போதவில்லை. சால் பாதி கிணற்றில் தொங்கி நின்றது. நைனாவும் அம்மாவும் போய்ப் பிடித்தார்கள். அப்போதும் கனத்தது.

அத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று செருப்பைக் கழற்றி எறிந்தாள். நைலக்ஸ் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து வடத்தின் கடைசி முனையைப் பிடித்தாள். "ஏண்டா பாக்கற? இந்தக் கெணத்து வடத்துல எங்கப்பன் மடியில உக்காந்து சவாரி போனவடா நான்" என்று நைனாவைப் பார்த்து ஒரு அதட்டல். சால் மேலே வந்தது. அவள் முகத்துப் பவுடர் வேர்வையில் கோடு கோடாக வழிந்தது. பசியில் செத்துவிடாமல் இருக்கட்டும் என்றுதான் அவள் என்னைக் கூப்பிட வந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது. அவள் போன ரயில் தடம் புரளவேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான்.

நான் மடையாண்டை நின்றேன். தண்ணீர் வருகிற சத்தம் முதலில் கேட்டது, அப்புறம் நுரையோடு வந்தது. ஒரு பாத்தி நிரம்பியதும் நான் குரல் கொடுப்பேன், நைனா வடத்தை விட்டு ஓடிவந்து அடுத்த பாத்திக்குத் திருப்பிவிட்டு ஓடுவார். வெயில் ஏறுவதற்குள் கடைசிப் பாத்தியும் நனைந்தது. முழங்கால்வரை சேறோடு அவர் வரப்பில் நடந்து வந்தார். அத்தை மூச்சு வாங்கிக்கொண்டு தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, பொண்ணு வரல" என்றார் நைனா.

"ஆங், எனக்குக் கண்ணு தெரியாது பாரு" என்று சொல்லிவிட்டு அத்தை எழுந்து வீட்டுக்குள் போனாள். மஞ்சள் பையைக் கவிழ்த்து, அதிலிருந்து நீலப் பாவாடையை உதறி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தலையிலிருந்து கால்வரை சேறாக நின்ற என்னைப் பார்த்தாள்.

"இன்னாடி நிக்கற? இன்னிக்கு வெள்ளிக்கிழமதானே, லீவு இல்லியே. இதக் கட்டிக்கினு ஓடு. பள்ளிக்கூடத்துல மணி அடிச்சிடுவாங்க."